இரவில் திறக்கும் இலைகள்

கேரளத்திலும் கொல்லிமலையிலும் விளையும் அன்னாசி, காரைக்கால் கடைத்தெருவில் நமக்கு நன்கு பழக்கமான பழம். ஆனால், அது நம் மண்ணுக்கு உரியதன்று. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அதற்கு இட்ட பெயர் 'நானாஸ்'. 1493-இல் கொலம்பஸ் குவாதலூப் தீவில் அதைக் கண்டார். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். அவர்களது 'அனனாஸ்' நம் நாவில் அன்னாசி ஆயிற்று.

அன்னாசி சார்ந்திருக்கும் புரோமிலியேசி குடும்பத்தில் ஏறத்தாழ 3,700 இனங்கள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் ஒரேயொரு இனத்தைத் தவிர, மற்ற அனைத்துக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டமே. ஆண்டிஸ் மலைத்தொடரின் 'புயா ரைமாண்டி' பல பத்தாண்டுகள் காத்திருந்து, ஒரே ஒருமுறை பனைமர உயரத்துக்குப் பூத்து மடிகிறது. மரக்கிளைகளில் தொற்றி வாழும் 'தில்லான்சியா', வேரை வெறும் பிடிமானமாக வைத்துக்கொண்டு, இலைமீதுள்ள நுண்செதில்களால் மழையையும் பனியையும் உறிஞ்சுகிறது. இக்குடும்பத்தின் பெரும்பாலான செடிகளில் பூத்த தண்டு மடியும். பக்கக் கன்று தொடரும். வாழையடி வாழை என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இன்னும் வியப்பானவை, இலைகளையே குளமாக்கிக்கொண்ட இனங்கள். இலையடிகள் ஒன்றையொன்று தழுவிக் கிண்ணமாகி, பெய்யும் மழையைத் தேக்கி வைக்கின்றன. அந்த நீரில் தவளைகள் முட்டையிடுகின்றன. ஜமைக்காவில் ஒருவகை நண்டு, தன் குஞ்சுகளை இந்த இலைக்குளத்திலேயே வளர்க்கிறது. உதிரும் சருகுகள் நீரில் மட்கிச் செடிக்கு உரமாகின்றன.

அன்னாசி உள்ளிட்ட பல இனங்களின் பெருந்திறன் கண்ணுக்குத் தெரியாதது. நெல் போன்ற பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன; அந்த வழியாகவே நீரையும் வெயிலுக்கு இழக்கின்றன. அன்னாசியோ குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது.

இந்த இரகசியத்தின் முன்னோடிக் குறிப்பு ஒன்று நம் அண்டை ஊரோடு தொடர்புடையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்தவர் ஜெர்மனியில் பிறந்த பெஞ்சமின் ஹெய்ன். பின்னர் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானார். நாம் ரணகள்ளி என்றும், 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றும் அழைக்கும் செடியின் இலையை அவர் சுவைத்துப் பார்த்தார். காலையில் புளித்த இலை, நண்பகலில் சுவையற்றுப் போயிருந்தது. இதை அவர் எழுதிய கடிதம், லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் 1815-இல் வெளியாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதையே அவரது நாக்கு உணர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் பயனைக் கணக்கிட்டுச் சொல்லலாம். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பெறுவதற்கு நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. இரவில் துளை திறக்கும் செடிகள் இழப்பது 50 முதல் 100 கிராம் மட்டுமே. ஆனால், இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சேமிக்க இடமும் ஆற்றலும் வேண்டும், வளர்ச்சியும் மெதுவானது. குறுவை நெல் நான்கு மாதங்களில் அறுவடைக்கு வரும். அன்னாசி கனிய ஒன்றரை ஆண்டு ஆகலாம்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது இந்த விலைதான். காவிரியின் கடைமடை காரைக்கால். 2007-இல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி நீரை 2018-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. தீர்ப்பில் நீர் இருந்தாலும், தேவைப்படும் நாளில் அது அரசலாற்றிலும் நூலாற்றிலும் வந்து சேர்ந்தால்தான் பயிர் பிழைக்கும். மறுபுறம், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில் அதே வாய்க்கால்கள் வழியே நீர் கடலுக்கு ஓடுகிறது.

நெல்லைக் கைவிட்டு அன்னாசிக்கு மாறுங்கள் என்பதன்று இதன் பாடம். டெல்டாவின் களிமண்ணும் தேங்கும் நீரும் அன்னாசிக்கு ஆகாதவை. கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெய்யும்போது பிடித்து வைப்பது. இலைக்கிண்ணம் செய்வதை நல்லம்பல் ஏரியும் ஊர்க் குளங்களும் செய்ய முடியும், அவை தூர்ந்து போகாதிருந்தால். மற்றொன்று, நேரமறிந்து செலவிடுவது. 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' வயலை நடத்துவது நம் உழவர் அறிந்த முறையே.

ஆயினும், சிக்கனத்தின் விலையை யார் ஏற்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. செடியில் சேமிப்பின் சுமையும் பயனும் ஒன்றுக்கே உரியவை. ஆற்றுப் பாசனத்தில் அப்படியன்று. மேல்மடை உழவர் மிச்சப்படுத்தும் நீரின் பயன் கடைமடைக்குச் செல்கிறது. கூடுதல் களையெடுப்பும் மகசூல் குறையுமோ என்ற அச்சமும் அவருக்கே மிஞ்சுகின்றன. அந்த இழப்பை ஈடுசெய்யாமல் சிக்கனத்தை உபதேசிப்பதில் பயனில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டுமே கேட்டுப் பழகிய நம் வேளாண் கொள்கை, எத்தனை நீருக்கு எத்தனை மூட்டை என்றும் கேட்கட்டும். குறைந்த நீரில் விளைவிப்பவருக்கு அதற்குரிய ஊக்கத்தொகையையும் வழங்கட்டும்.