தகவல் துளி: புளிப்பில் ஊறும் கோழி

வேளாங்கண்ணிக் கடற்கரைக் கடைகளில் மசாலா தடவி அடுக்கிய மீன், நாம் கேட்டதும் எண்ணெய்ச் சட்டிக்குப் போகிறது. பிலிப்பைன்ஸின் பகோலோட் நகரமோ ஊறவைத்துச் சுட்ட கோழிக்குப் பேர்போனது. அங்கே அதற்கு ‘இனாசல்’ என்று பெயர். வினிகர், கலமான்சி என்னும் சிற்றெலுமிச்சை, இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப் புல், உப்பு சேர்த்து ஊறவைத்துக் கரி நெருப்பில் சுடுகிறார்கள். நம் வீட்டில் கலமான்சிக்குப் பதில் எலுமிச்சம்பழமே போதும்.

ராத்திரி முழுக்க ஊறினால்தானே ருசி என்று கேட்கலாம். தயிரில் ஊறும் கோழிக்கு அது சரி. வினிகரும் எலுமிச்சையும் கடும் புளிப்பு. மேல்சதையை வெளுக்க வைத்து, நேரம் மிஞ்சினால் குழைத்துவிடும். ஆழமாக இறங்குவது உப்புதான். ஆகவே தொடைத் துண்டில் எலும்பு வரை கீறி, ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தாலே போதும். புளிப்பே கிருமியைக் கொன்றுவிடாதா என்றால், அதை நம்பக் கூடாது. எலும்பை ஒட்டிய சதை 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். சுடும்போது, பச்சைக் கோழி ஊறிய சாற்றை மேலே தடவாதீர்கள்; பூண்டு, மஞ்சள்தூள் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவுங்கள். நிறமும் மணமும் தானே வரும்.