நன்கொடையாக வந்த பழைய கணனிகள்: விண்டோஸா, லினக்ஸா?

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நமது கரையோர ஊர்களில் மாதர் சங்கம், தையல் நிலையம், வாசிகசாலை என்று எங்கு சென்றாலும், மூலையில் துணி போர்த்திய கணனிகள் இரண்டு மூன்றையாவது காணலாம். பெரிய கந்தோர்கள் புதிய கணனி வாங்கும்போது பழையவற்றை நன்கொடையாக அனுப்பிவிடுகின்றன. வந்த அன்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் "சரியான ஸ்லோ" என்று அவை துணிக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் கணனி பழுதானதால் அல்ல, அது தாங்காத சுமையை அதன் தலையில் ஏற்றுவதால்தான் இப்படி நடக்கிறது.

2022ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பிறகு, புதிய கணனி என்பது நம்மைப் போன்ற நிலையங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே சகோதரிகளே, கிடைத்த பழையதை எப்படி ஓடவைப்பது என்பது நமக்கு வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த கேள்வி.

நான் பணிபுரியும் பெண்கள் நிலையத்துக்குக் கடந்த வருடம் 11 கணனிகள் வந்தன. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் யுவதிகளும், தனியாகக் குடும்பம் நடத்தும் சில தாய்மாரும் தட்டச்சும் கணக்கும் பழகி, ஒரு கொமினிகேஷன் கடையிலோ கந்தோரிலோ வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அப்போதுதான் எந்தப் பணிசெயல் முறைமையைப் போடுவது என்ற பேச்சு எழுந்தது. ஒப்பரேட்டிங் சிஸ்டம் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அடுப்பு, பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் யார் எப்போது எடுப்பது என்று பார்த்துக்கொள்ளும் உம்மாவைப் போன்றது அது. அதுவே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேலை எப்படி நடக்கும்?

கணனி திருத்தும் தம்பி, "விண்டோஸ் ஒன்ற அடிச்சித் தாறன் மிஸ், செலவில்ல" என்றார். எந்த விண்டோஸ்? எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கானவை 2020 ஜனவரியிலும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜீபீ நினைவகமும் புதிய வகைப் பாதுகாப்புச் சில்லும் கேட்கும். எங்களுக்கு வந்தவற்றில் இருந்ததோ 2 ஜீபீயும் அதற்குக் குறைவும். செலவில்லாமல் அடித்துத் தருவது என்றால் திருட்டுப் பிரதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுவோம், அப்படிப்பட்ட பிரதிகளோடு வைரசும் சேர்ந்து வருவதுண்டு. உதவி பெறும் பெண்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம் எல்லாம் எங்கள் கணனியில்தான் இருக்கின்றன. அவை நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

மறுபக்கம் லினக்ஸ். இது யாரும் இலவசமாகப் பாவிக்கவும் பிரதி எடுக்கவும் அனுமதிக்கப்பட்ட முறைமை. எங்கோ வெளிநாட்டுக்காரருக்கு உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2004 ஆழிப்பேரலையின்போது, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிந்துவைக்க நம் நாட்டு இளைஞர்கள் தொண்டாக எழுதிய 'சஹன' என்ற மென்பொருளும் இதே திறந்த மூல வழியில் பிறந்ததுதான். சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். அதற்கு 2006ஆம் ஆண்டுக்கான, சமூகப் பயனுள்ள திட்டங்களுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருது கிடைத்தது. கேரளத்தில் அரச பாடசாலைகளின் கணனிகள் பல வருடங்களாக லினக்ஸில் ஓடுகின்றன. 2019இல் அங்கு 2 இலட்சத்துக்கும் அதிகமான கணனிகளுக்குப் புதிய பதிப்பு ஆயத்தமானது.

ஆனால் தாய்மாரின் கேள்வி வேறு. "மிஸ், புள்ள இதப் படிச்சா நாளைக்கு ஒரு கந்தோர்ல எடுப்பாங்களா?" நியாயமான கேள்விதான். வேலைத்தலங்களில் இருப்பது வேர்ட்டும் எக்செல்லும். லினக்ஸோடு வரும் லிப்ரே ஒபிஸில் கடிதம் எழுதப் பழகியவர் வேர்ட்டில் எழுதத் தடுமாறமாட்டார். என்றாலும் அட்டவணைகளும் எழுத்துருக்களும் சில வேளை இடம் மாறிவிடும். திருமண அட்டை செய்ய ஃபொட்டோஷொப் கேட்கும் பிள்ளைக்கு அது இங்கே ஓடாது; கிம்ப், இங்ஸ்கேப் என்பவற்றைத்தான் பழக வேண்டும். கடைகளில் பாவிக்கும் கணக்கு மென்பொருள்கள் பலவும் அப்படியே. இதையெல்லாம் மறைத்து "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

எங்கள் நிலையத்தில் பெரிய வாக்குவாதம் தமிழ்த் தட்டச்சில்தான் வந்தது. வீட்டிலிருந்து தட்டச்சு செய்து பிழைக்கும் ஒரு ராத்தா கேட்டார்: "என்ட பாமினி இதில வருமா?" பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் போட்டுவிட்டால் பழைய ஆவணங்கள் திறக்கும், புதிதாகவும் அடிக்கலாம். அப்படி அடித்ததை இன்னொருவரின் தொலைபேசிக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அதற்குத்தான் யுனிகோட். 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்று இதற்கொரு நியமம் வெளியிட்டது. அதற்குரிய ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. ராத்தா இப்போது இரண்டிலும் அடிக்கிறார்.

எதையும் நிறுவுமுன் பென்ட்ரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. இரண்டு மூன்று வகைகளை அப்படி வைத்து, ஒரு கிழமை பெண்களிடமே விட்டோம். அவர்கள் தெரிந்தெடுத்தது லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ வகை. கீழே இடப்பக்கம் பட்டியல் இருப்பதால் விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இதைவிட இலேசான வகைகள் உண்டு. ஆனால் ஒரே அறையில் ஒவ்வொரு கணனியும் ஒவ்வொரு முகத்தோடு இருந்தால் படிப்பிப்பவரின் பாடு திண்டாட்டம்.

பதினொன்றில் மூன்று 32 பிட் கணனிகள், 512 எம்பீ நினைவகம். அன்டிஎக்ஸ் போன்ற மிகச் சிறிய லினக்ஸ் அவற்றிலும் ஏறும். ஆனால் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் மூச்சு வாங்கும். உண்மையில் பாரம் இன்று முறைமையில் அல்ல, இணைய உலாவியில்தான். அவற்றில் ஒன்றைத் தட்டச்சு பழக மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டின் திரைகளையும் விசைப்பலகைகளையும் எடுத்துக்கொண்டோம். மீதி எட்டில் ஒன்று தாய்ப்பலகை போய் இயங்கவில்லை. அதன் நினைவகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டோம். ஏழு ஓடுகின்றன. கையில் காசு வந்தால் முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலே வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. வந்த டிஸ்க்குகளில் ஒன்றில் யாரோ ஊழியர்களின் சம்பளப் பட்டியல் அப்படியே கிடந்தது. எல்லா டிஸ்க்குகளையும் முழுமையாக அழித்த பின்னரே புதிய முறைமையை ஏற்றினோம்.

இப்போது யாராவது கணனி தருவதாகச் சொன்னால் கடிதத்தில் மூன்று விடயம் எழுதுகிறோம்: 64 பிட்டாக இருக்க வேண்டும், நினைவகம் 4 ஜீபீ இருக்க வேண்டும், டிஸ்க்கை அழித்துத் தர வேண்டும். ஒரு கந்தோர் இதைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. மற்றொன்று நான்கு நல்ல கணனிகளை அனுப்பியிருக்கிறது.