நிலாவைப் படம் பிடிக்க நாள் பாருங்கள்!

ராமேசுவரம் போகிறவர்கள் கையில் காமிரா இருக்கிறது. இல்லாவிட்டால் செல்போன் இருக்கிறது. ஆனால் நல்ல படத்தோடு திரும்புகிறவர்கள் சிலர்தான். காரணம் என்ன? காமிராவில் குறை இல்லை. அவர்கள் நாள் பார்த்துப் போகவில்லை!

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். விதைப்புக்கு நாள் பார்க்கிறோம். படம் பிடிக்கவும் நாள் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரே போதும்.

முந்தின நாளே நல்ல நாள்

பவுர்ணமி அன்று மேற்கே சூரியன் மறையும் வேளையில், கிழக்கே நிலா எழும்பும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும்பும்.

பவுர்ணமிக்கு முந்தின நாள், சூரியன் மறைவதற்கு முன்பே நிலா வந்துவிடும். அப்போது வெளிச்சம் இருக்கும். படத்தில் நிலாவும் தெரியும்; கடலும் படகும் தெரியும். நன்றாக இருட்டிய பிறகு எடுத்தால், கறுப்புத் துணியில் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும்!

நம் பக்கத்தில் அந்தி வெளிச்சம் நீடிக்காது. சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து சுமார் 20 நிமிடத்தில் இருள் சூழ்ந்துவிடும். ஆகவே முன்கூட்டியே போய் இடம் பிடியுங்கள்.

எந்தத் திசை?

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடற்கரை கிழக்கு நோக்கியது. சூரியன் உதிப்பதையும் நிலா எழுவதையும் அங்கே பார்க்கலாம்.

சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் உதிப்பது இல்லை. மார்கழியில் தென்கிழக்கே தள்ளி உதிக்கும். ஆனியில் வடகிழக்கே தள்ளி உதிக்கும். பவுர்ணமி நிலா இதற்கு எதிர். மார்கழியில் அது வடகிழக்கே எழும்பும்!

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரு பக்கமும் கடல். அங்கே வாகனங்களை விடுவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே கடலில் இறங்காதீர்கள். நீரோட்டம் ஆபத்தானது.

கூண்டு ஏற்றினால்...

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மேகம் நிலாவை மறைத்துவிடும். மாசி, பங்குனியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

காலண்டரைப் பார்த்தால் மட்டும் போதாது. வானிலை அறிக்கையையும் பார்க்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால், அது எந்த எண்ணாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு என்ன நடந்தது? புயலில் கடல் பொங்கியது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு வந்த ரெயிலை அலை அடித்துச் சென்றது. அதில் வந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே போகிறவர்கள் படம் பிடிப்பது அந்தச் சுவர்களைத்தான்.

பவுர்ணமி அடுத்த மாதமும் வரும். அவசரம் வேண்டாம். சுவர் இருந்தால்தானே சித்திரம்!