ஓரெழுத்துச் சகாயம்

காப்பி ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்க, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தினசரியை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் முனையால் கட்டம் கட்டமாகத் தட்டிப் பார்த்திருப்பது, தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமாவின் நித்திய பூஜை. குறுக்கெழுத்துப் புதிரில் ஏதேனும் ஒரு சொல் வசப்படாமல் நின்றுவிட்டால், அதே பத்திரிகையை வாங்கும் என்னிடம் உதவி கேட்க அவர் சிறிதும் கூச்சப்படுவதில்லை. ஆனால் அந்த உதவிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார். “எலே, விடையைச் சொல்லிப்புடாத. ஓரெழுத்து மட்டும் சொல்லு” என்பார். அத்தை ஒரு நாள் அடுக்களையிலிருந்து முழுச் சொல்லையும் உரக்கச் சொல்லிவிட, மாமா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அன்றைய புதிரையே கைவிட்டதுண்டு. முதுமைக்குரிய பிடிவாதம் என்றே இதை நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஞாபக சக்தியைப் பற்றி மனோதத்துவ நிபுணர்கள் செய்திருக்கும் பரீட்சைகளைப் படித்த பிறகுதான், மாமாவின் நிபந்தனை சாஸ்திர சம்மதமானது என்று விளங்கிற்று.

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையின் 1913 டிசம்பர் 21ஆம் தேதி இதழில் வைர வடிவமான ஒரு புதிரை வெளியிட்டார். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் விளையாட்டின் மூலவிக்கிரகம் அதுவே. விடுகதைகளும் சொற்சிலேடைகளும் மனித குலத்துக்குப் புதியவை அல்ல. விடுகதையில் திகைத்தவன் விடுகதைக்காரனின் வாயைத்தான் பார்க்க வேண்டும். இங்கேயோ, தெரிந்த சொல் ஒன்று தெரியாத சொல்லின் மேல் குறுக்காகப் படுத்து, தன் எழுத்தில் ஒன்றை அதற்குத் தானமாக ஈந்துவிடுகிறது. உதவி கேட்பதற்கு மனிதரைத் தேடுமுன், கட்டமே உதவி செய்துவிடுகிறது என்பதுதான் இதில் புதுமை.

அந்த ஓரெழுத்து மனத்தினுள் என்ன செய்கிறது? ‘சொல் நாக்கு நுனியில் நிற்கிறது’ என்று நாம் சொல்லும் அவஸ்தையை 1966இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரௌன், டேவிட் மக்நீல் என்னும் இருவர் ஆராய்ந்தார்கள். அபூர்வமான சொற்களின் பொருளை மட்டும் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். குறுக்கெழுத்துப் புதிர் செய்வதும் இதையேதான். நடுக்கடலில் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் போன்ற சொற்கள் வரும்போது, மாணவர்களிற் பலர் தும்மல் வரும் தறுவாயில் நிற்பவர்களைப்போல் தவித்தனர். விசித்திரம் என்னவெனில், சொல் வராத அந்த நிலையிலும், அதன் முதலெழுத்து இன்னது, அதில் இத்தனை அசைகள் என்று அவர்கள் சொன்னது பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் சரியாக இருந்தது. பொருள் ஓர் அறையிலும் ஓசை வேறோர் அறையிலும் இருக்க, இடையிலுள்ள கதவு பிசகிக்கொண்டால் இப்படி நேரும் என்று கொள்ளலாம். முழுச் சொல்லையும் அத்தை கூறும்போது அந்தக் கதவுக்கு வேலையே இல்லாமற்போகிறது. ஓரெழுத்தைக் கூறும்போதோ, ஓசையின் பக்கத்திலிருந்து யாரோ கதவைச் சற்றே தள்ளிக் கொடுக்கிறார்கள்.

தானே தள்ளித் திறந்த கதவு மறுநாளும் எளிதில் திறக்கிறது. டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்லமெக்கா, கிராஃப் என்போர் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஏறக்குறைய எங்கள் வீட்டு வழக்கத்தையே பரீட்சை செய்தது போலிருக்கிறது. ஒரு கூட்டத்தாருக்குச் சொற்களை ஜோடி ஜோடியாக முழுமையாகக் கொடுத்தார்கள். மற்றக் கூட்டத்தாருக்கு ஜோடியின் முதற் சொல்லையும், இரண்டாவது சொல்லின் முதலெழுத்தையும் மாத்திரம் கொடுத்து, மிச்சத்தை அவர்களையே இட்டு நிரப்பச் செய்தார்கள். பிறகு கேட்டபோது, தாமே நிரப்பியவர்கள்தான் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அதற்காக, உதவியே கேளாமல் முட்டி மோதிக்கொண்டிருப்பது வீரம் என்றும் நினைக்க வேண்டியதில்லை. நாக்கு நுனித் தவிப்பில் ஒருவரைப் பத்து விநாடி நிறுத்துவதற்குப் பதில் முப்பது விநாடி நிறுத்தினால், அதே சொல்லுக்கு அவர் மறுமுறையும் தடுமாறுவது அதிகமாகிறது என்று கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2008இல் கண்டார்கள். தவறும் பழகப் பழகப் படிந்துவிடுகிறது போலும்.

இனி, எந்த எழுத்தைக் கேட்பது? செய்தித் தொடர்பின் கணிதத்தை வகுத்த கிளாட் ஷானன், 1948இல் பிரசுரித்த புகழ்பெற்ற கட்டுரையிலேயே குறுக்கெழுத்துப் புதிருக்குச் சில வரிகள் ஒதுக்கியிருக்கிறார். எந்த மொழியிலும், சொல்லாமலே ஊகித்துவிடக்கூடிய மிகைப்பகுதி ஒன்று உண்டு. மிகையே இல்லாத மொழியில் எழுத்துகளை எப்படி இறைத்தாலும் அது சொல்லாகிவிடும். ஆகவே எந்தக் கட்டமும் புதிராகிவிடும். மிகை அளவுக்கு மீறினாலோ, சொற்கள் ஒன்றோடொன்று பொருந்த மறுத்து, பெரிய கட்டம் அமைக்கவே இயலாது. ஆங்கிலத்தின் மிகை பாதியளவு என்று அவர் கணித்தார். சமதளத்தில் பெரிய புதிர் அமைவதற்கு அந்த அளவு ஒருவாறு இடங்கொடுக்கிறது.

இந்தக் கணக்கைத் தமிழுக்குப் போட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமானது. மூன்று கட்டங்களை ஆங்கில எழுத்துகளால் 17,576 விதமாக நிரப்பலாம். நம்முடைய 247 எழுத்துகளாலோ 1,50,69,223 விதமாக நிரப்பலாம். இந்த ஒன்றரைக் கோடியில் சொல்லென்று நிற்பவை கடலில் கரைத்த பெருங்காயம். ஆகவே தமிழ்க் கட்டத்தில் இரு சொற்கள் சந்திக்க, மெய்யும் பொருந்தி, அதன்மேல் ஏறிய உயிரும் பொருந்த வேண்டும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்ப்பதைப் போன்ற சிரமம் அது. நம் பத்திரிகைகளின் புதிர்கள் பலவற்றில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு நில்லாமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வருவதற்கும், சில சமயம் சொல்லே ‘கலைந்திருக்கிறது’ என்று ஆசிரியர் சமாதானம் சொல்வதற்கும் இந்த நெருக்கடிதான் காரணம் என்பது என் அனுமானம். புதிர் இயற்றுவோரின் சோம்பல் என்று இதை நான் முன்பெல்லாம் குறை கூறியதுண்டு. அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இயற்றுவோருக்குக் கஷ்டமான அதே குணம் விடுவிப்போருக்கு அனுகூலமாகிறது. தொல்காப்பியரும் நன்னூலாரும் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று வகுத்துவைத்த விதிகளைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு வெறுத்தவர்கள், பென்சிலும் கையுமாக அவற்றை ஒரு தரம் திரும்பப் படிக்க வேண்டும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வருவதில்லை. வல்லின மெய் எதுவும் ஈறாக நிற்பதில்லை. ஒரு கட்டத்தில் ‘ட்’ விழுந்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குரியவை க, ச, ட, ப என்னும் நான்கு வரிசைகளே, அதாவது 48 எழுத்துகளே. ‘ப்’ விழுந்தாலோ பன்னிரண்டே! பக்தி, சப்தம் போன்ற வடசொற்களும், ரயில், லட்டு போன்றவையும் இந்த வேலியைத் தாண்டிக் குதிக்கும் என்பது மெய்தான். ஆயினும் 247 பேர் நிற்கும் வரிசையைப் பன்னிரண்டாகக் குறைத்துத் தரும் சகாயன் வேறு யார் கிடைப்பான்?

எல்லா எழுத்துக்கும் ஒரே விலை அல்ல. சேற்றில் மலர்வது, மூன்றெழுத்து என்னும் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பை மறைத்துவிட்டு, முதலெழுத்து ‘தா’ என்றால் தாளம், தானம், தாகம், தாயம் என்று ஒரு பட்டாளம் வந்து நிற்கும். கடைசி எழுத்து ‘ரை’ என்றால், அவரை, துவரை, குதிரை, மதுரை என்று சற்றுச் சின்னக் கூட்டம். ‘ரை’யோடு நடுவே ‘ம’வும் கிடைத்துவிட்டால், தாமரை தானாகவே தலையெடுக்கிறது. அரிதான எழுத்து அதிகம் சொல்லும். மலிவான எழுத்து ஒன்றுமே சொல்லாது.

யந்திரங்களும் இந்த வழியேதான் சென்றிருக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் ‘புரோவெர்ப்’ என்றொரு கணினி நிரலை உருவாக்கி, பத்திரிகைப் புதிர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொற்களைச் சரியாக நிரப்பச் செய்தனர். ஒவ்வொரு குறிப்புக்கும் உத்தேசமான விடைகள் பலவற்றைச் சேகரித்து, குறுக்கே ஓடும் சொற்களோடு முரண்படாதவற்றையே அது நிறுத்திக்கொண்டது. தனித்தனிக் குறிப்பில் தடுமாறுவதைக் கட்டத்தால் ஈடு செய்துகொண்டது. மாட் கின்ஸ்பர்க் என்பவரின் ‘டாக்டர் ஃபில்’ 2012இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் இறங்கி 141ஆம் இடத்துக்குரிய புள்ளிகளே பெற்றது. 2021இல், பெர்க்லி பல்கலைக்கழகத்தாரின் துணையோடு, மனிதர் அனைவரையும் முந்தியது. அதைத் தோளில் தட்டி “ஓரெழுத்து மட்டும் சொல்லு” என்று கேட்க முடியுமானால் மாமாவுக்கும் ஆட்சேபமிராது. கேட்டதற்குமேல் சொல்லாமலிருக்க அதற்குத் தெரியுமா என்பதே அவர் சந்தேகம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்று காலையிலிருந்து போக்குக் காட்டுகிறதாம். கடைசி எழுத்து வேண்டுமாம். பத்திரிகையைப் புரட்டிப் பார்த்து, “மாமா, ‘ம்’” என்றேன்.

“அட போலே! தமிழ்ல பாதிச் சொல்லு அதுலதான முடியுது” என்று சொல்லிவிட்டு, நடு எழுத்தைக் கேட்கவும் மனமில்லாமல், போனை வைத்துவிட்டார்.