ஒரே அலைவரிசையில் இத்தனை சேனல் எப்படி?

எண்பதுகளில் குமரி மாவட்டத்து மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் தூர்தர்ஷன் வரும். கடல் பக்கம் திருப்பினால், வானிலையும் கைகொடுத்தால், 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினி தெரியும். அன்று ஓர் அலைவரிசைக்கு ஒரு சேனல்தான். அந்த ஒரு படமே 7 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்று கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸுக்குள் வினாடிக்குச் சுமார் 38 மெகாபிட் தரவு வருகிறது, பல சேனல்களைச் சுமந்தபடி.

சுருக்காமல் அனுப்பினால் சாதாரணத் தரப் படம் ஒன்றுக்கே வினாடிக்கு 160 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். ஆனால், செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. அதை ஏன் வினாடிக்கு 25 முறை அனுப்ப வேண்டும்? மாறியதை மட்டும் சொன்னால் போதும். எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் ஒரு சேனல் மூன்று, நான்கு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். எம்பெக்-4இல் ஏறத்தாழ அதில் பாதி.

இப்படிச் சுருக்கிய தரவு 188 பைட் பொட்டலங்களாக வெட்டப்பட்டு, எல்லாச் சேனல்களும் கலந்தே வருகின்றன. தோவாளையிலிருந்து ஒரே வண்டியில் போகும் பூக்கூடைகளில் அந்தந்தக் கடையின் பெயர் இருப்பதுபோல, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் உண்டு. நீங்கள் கேட்ட சேனலின் எண்ணைப் பார்த்து செட்டாப் பாக்ஸ் பொறுக்கிக்கொள்கிறது. டிஷ்ஷிலும் இதே ஏற்பாடுதான். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, 69 பாகை உயரத்தில் நிற்கிறது.

சிக்கல், இருக்கும் மெகாபிட்டைச் சேனல்களுக்குப் பங்கு போடுவதில்தான். தூத்தூர், வள்ளவிளை கடற்கரையில் உயிராய்ப் பார்க்கும் கால்பந்தில் புல்தரை, ஆட்டக்காரர்கள், கேமரா என எதுவும் ஓரிடத்தில் நிற்காது. அந்த நேரம் பேச்சு நிகழ்ச்சிக்கான பிட்டைக் குறைத்து ஆட்டத்துக்குத் தரும் வசதி உண்டு. ஆனால் அளவுக்கு மீறிச் சேனல்களைத் திணித்தால் எங்கிருந்து எடுப்பது? பந்து போன வழியெல்லாம் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். எண்ணிக்கையைக் காட்டிச் சந்தா வாங்குவோர் இந்தத் தரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடித்து ஓர் அலைவரிசை மட்டும் பலவீனமானால், அதிலுள்ள தமிழ், மலையாளச் சேனல்கள் மொத்தமாகப் போய்விடும். மற்றவை பளிச்சென்று ஓடும். எனவே கேபிள்காரரிடம் "படம் வரல" என்பதோடு நிறுத்தாமல், எந்தெந்தச் சேனல் சேர்ந்து போயின என்றும் சொல்லுங்கள். அவை ஒரே அலைவரிசையில் வருபவை என்றால், பாக்ஸை மாற்றும் முன் அவர் வயரையும் கனெக்டரையும் பார்ப்பார்.