கரும்பை யாருக்கு விற்பது: முடிவு யார் கையில்?

திருத்தணி வட்டாரத்தில் நெல் அறுத்தால், அதை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். அரசின் நேரடி கொள்முதல் நிலையம் உண்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் உண்டு, களத்துக்கே தேடி வரும் வியாபாரியும் உண்டு. நிலக்கடலைக்கும் இதே நிலைதான். கரும்பு நட்டுப் பதிவு செய்துவிட்டால் கதை வேறு. உங்கள் ஊர் எந்த ஆலையின் பகுதியில் வருகிறதோ, அந்த ஆலைக்குத்தான் கரும்பு போக வேண்டும். இங்குள்ள பலருக்கு அது திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை.

விவசாயிக்கு அரசின் பாதுகாப்பு வேண்டுமா, சந்தையின் சுதந்திரம் வேண்டுமா என்று நாடு முழுக்க வாதம் நடக்கிறது. கரும்பு விவசாயிக்கு இது ஏட்டு வாதமல்ல. வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அதற்குள்தான் இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 1966-ம் ஆண்டு கரும்பு கட்டுப்பாட்டு ஆணைதான் அடிப்படை. ஆலைக்கென்று பகுதியை ஒதுக்கும் அதிகாரம் இதில் இருக்கிறது. இரண்டு ஆலைகளுக்கு நடுவே குறைந்தது 15 கி.மீ. இடைவெளி வேண்டும் என்பதும் இதில்தான் உள்ளது. அருகில் புதிய ஆலை வரவும் முடியாது, தூரத்து ஆலை நம் பகுதிக் கரும்பை வாங்கவும் முடியாது. ஆக, வாங்குபவர் ஒருவர்தான்.

இந்தக் கட்டுக்கு ஈடாக விலைக்கு உத்தரவாதம் கிடைக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் நியாயமான மற்றும் ஆதாய விலை, 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். கட்டுமானம் 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 3,290.50 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

ராஜாஜி எழுப்பிய கேள்வி

கட்டுப்பாடு யாருக்கு நன்மை செய்கிறது என்ற கேள்வி நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1952 ஜூனில் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி, உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 1960-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. 1959-ல் அவர் தொடங்கிய சுதந்திரா கட்சி, லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சியை எதிர்த்தது. விவசாயிகள் தலைவர் என்.ஜி.ரங்கா அந்தக் கட்சியின் தலைவரானார். பின்னாளில் மகாராஷ்டிரத்தில் ஷரத் ஜோஷி, விவசாயிக்கு மானியத்தைவிட விற்கும் சுதந்திரமே முக்கியம் என்று சொல்லி லட்சக்கணக்கானோரைத் திரட்டினார். அந்த மாநிலத்தில் இப்போது பகுதி ஒதுக்கீடு இல்லை. விவசாயி தான் விரும்பிய ஆலைக்குக் கரும்பு கொடுக்கலாம்.

2012-ல் ரங்கராஜன் குழுவும் பகுதி ஒதுக்கீட்டையும் 15 கி.மீ. விதியையும் கைவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2013-ல் மத்திய அரசு, ஆலைகள் மீதிருந்த லெவி சர்க்கரைக் கட்டாயத்தை நீக்கியது. விவசாயியைக் கட்டும் விதிகளை மாநிலங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. கட்டு முதலில் யாருக்கு அவிழ்ந்தது என்று பாருங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது

அப்படியானால் எல்லாக் கட்டுப்பாட்டையும் உடனே நீக்கிவிடலாமா? பயிரின் இயல்பை அறிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள். நெல்லைக் காயவைத்து, விலை வரும்வரை மூட்டையில் வைத்திருக்கலாம். வெட்டிய கரும்பு அப்படியல்ல. 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போவது நல்லது. வெயில் காலத்தில் தாமதமானால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். லாரி வாடகையும் தூரத்தோடு ஏறும். பக்கத்தில் வேறு ஆலை இல்லாத ஊரில், சட்டம் விடுவித்தாலும் தூரம் விடாது. கரும்பு அதிகம் விளைந்த ஆண்டில், பதிவு செய்த கரும்பை ஆலை வாங்கியாக வேண்டும் என்ற ஏற்பாடுதான் சிறு விவசாயிக்குக் கைகொடுக்கும்.

விலை சொல்லும் சேதி

சந்தை ஆதரவாளர்கள் சொல்லும் இன்னொரு கருத்தை வேளாண் விஞ்ஞானியாக நான் ஏற்கிறேன். விலை என்பது பணம் மட்டுமல்ல, எதை எப்படி விளைவிக்க வேண்டும் என்ற சேதியும்கூட. நம் முறையில் விலை ஆலையின் சராசரிக் கட்டுமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் கோ 11015 போன்ற சர்க்கரை மிகுந்த ரகம் நட்டு, சோகை உரித்து, முதிர்ந்த பிறகு வெட்டி அனுப்பினாலும், முதிராத கரும்பை வேரும் மண்ணுமாக அனுப்பியவருக்கும் டன்னுக்கு ஒரே விலைதான். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு விவசாயியின் கரும்பிலும் உள்ள சர்க்கரையைச் சோதித்து விலை தருகிறார்கள். இங்கே அந்தச் சேதி வயலுக்கு வந்து சேர்வதே இல்லை.

தமிழக அரசு 2024-25 பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. மத்திய அரசின் அடிப்படை விலையான 3,151 ரூபாயோடு சேர்த்து 3,500 ரூபாய். உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவும் எடைக்கே தவிர, தரத்துக்கு அல்ல.

கட்டு இருபக்கமும் இருக்கட்டும்

என் கருத்து இதுதான். ஒதுக்கீடு விவசாயியைக் கட்டுகிறது என்றால், அதே அளவுக்கு ஆலையையும் கட்ட வேண்டும். உரிய காலத்தில் வெட்டு உத்தரவு தராத ஆலையிடமிருந்தும், 14 நாளில் பணம் தராத ஆலையிடமிருந்தும் அந்த விவசாயி விடுபட்டு, வேறு ஆலைக்கோ வெல்லம் காய்ச்சவோ கரும்பைக் கொடுக்க வழி வேண்டும். ஒதுக்கீட்டை முழுவதும் எடுக்காமலேயே இதைச் செய்யலாம்.

இப்போது உங்கள் கையில் உள்ளவை

கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் பணம் வர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. 50 டன் கொடுத்தவருக்கு 3,290.50 ரூபாய் வீதம் 1,64,525 ரூபாய் வர வேண்டும். கெடு முடிந்து மேலும் 60 நாள் தள்ளிப்போனால் வட்டி மட்டும் சுமார் 4,050 ரூபாய். இந்த நிலுவையை நில வருவாய் பாக்கி போல ஆட்சியர் மூலம் வசூலிக்கவும் ஆணையில் இடம் உண்டு.

வட்டி கேட்க ஆதாரம் வேண்டும். பதிவுச் சீட்டு, வெட்டு உத்தரவு, எடைச் சீட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறிய தேதி ஆகிய நான்கையும் பருவவாரியாக ஒரே உறையில் வையுங்கள். ஆலையின் சராசரிக் கட்டுமானம் எவ்வளவு என்று கோட்ட கரும்பு அலுவலகத்தில் கேளுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் ரகம், உரம் பற்றிச் சொல்லும்போதே இந்த வட்டிக் கணக்கையும் போட்டுக் காட்டலாம்.

ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுங்கள். ஒன்று, தாமத நாள்களுக்கான வட்டி. மற்றொன்று, பணமோ வெட்டு உத்தரவோ உரிய காலத்தில் வராவிட்டால் அந்தப் பருவத்துக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்து, மனு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.