பூட்டிய ஆலையைத் திறந்த தொழிலாளர்கள்: சிகாகோ சன்னல் ஆலையின் வரலாறு

அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஆற்றிடையே அமைந்த கூஸ் தீவில் இயங்கியது ரிபப்ளிக் விண்டோஸ் அண்ட் டோர்ஸ் என்னும் சன்னல், கதவு ஆலை. 1965இல் ஒரு குடும்பத் தொழிலாகத் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், வினைல் சட்டச் சன்னல்களைச் செய்து சிகாகோ வட்டாரச் சந்தையில் விற்றது. 2008 டிசம்பரில் உலகம் இவ்வாலையைத் திரும்பிப் பார்த்தது. அதற்குக் காரணம் அதன் சன்னல்கள் அல்ல. அவற்றைச் செய்த கைகள்.

ஆலையில் ஏறத்தாழ 250 பேர் உழைத்தனர். பெரும்பான்மையோர் இலத்தீன் அமெரிக்க வழிவந்த குடியேறிகள். எஞ்சியோரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தொடக்கத்தில் இருந்த தொழிற்சங்கம் இவர்களுக்காகப் பேசவில்லை. 2002இல் அச்சங்கத்தின் ஒப்புதல் இன்றியே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், 2004இல் வாக்கெடுப்பின் வழியாக யு.இ. என்னும் ஐக்கிய மின்தொழிலாளர் சங்கத்தில் இணைந்தனர். பின்னர் நடந்த அனைத்திற்கும் அடித்தளம் இங்கேதான் இடப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும். இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில், தம்முள்ளிருந்தே தேர்ந்த தலைவர்களின்கீழ் அணிதிரண்டனர்.

மூன்று நாள் அறிவிப்பு

2008இல் வீட்டுமனைச் சந்தை சரிந்தது. சன்னல் விற்பனையும் வீழ்ந்தது. இரவு நேரங்களில் இயந்திரங்கள் லாரிகளில் ஏற்றப்படுவதைத் தொழிலாளர்கள் கவனித்தனர். அவற்றைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவும் செய்தனர். டிசம்பர் 2 அன்று, ஆலை 5ஆம் தேதி மூடப்படும் என்று நிர்வாகம் அறிவித்தது. ஈட்டிய விடுப்புக்கான ஊதியமும் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை என்றானது.

அமெரிக்காவில் 1988இல் இயற்றப்பட்ட வார்ன் சட்டத்தின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் ஆலையை மூடுவதாயின் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். தவறினால் அந்நாட்களுக்கான ஊதியத்தைத் தர வேண்டும். ஆனால், இச்சட்டத்தை நிறைவேற்றித் தரும் அரசு அலுவலர் எவரும் இலர். பாதிக்கப்பட்டவரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை வாடகையும் பசியும் காத்திருக்குமா? ஏட்டில் உள்ள உரிமை கைக்கு வந்து சேராத தூரத்தை ஒடுக்கப்பட்டோர் நன்கறிவர்.

எனவே தொழிலாளர்கள் வேறு வழியைத் தேர்ந்தனர். இறுதி நாளில் ஆலையைவிட்டு வெளியேற மறுத்து, உள்ளேயே அமர்ந்தனர். 1936-37இல் பிளின்ட் நகரக் கார்த் தொழிலாளர்கள் கையாண்ட போராட்ட முறை இது. 1939இல் ஃபான்ஸ்டீல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உள்ளிருப்புப் போராட்டத்திற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்திருந்தது. கைதாகும் வாய்ப்பை அறிந்தேதான் அவர்கள் அமர்ந்தனர். குடியேறிகளுக்கு அந்த இடர் இன்னும் பெரிது.

அவர்கள் விரல் நீட்டியது முதலாளியை நோக்கி மட்டுமன்று. நிறுவனத்திற்குக் கடன் நிறுத்திய பேங்க் ஆஃப் அமெரிக்கா, மக்கள் வரிப்பணத்திலிருந்து 2,500 கோடி டாலர் மீட்பு நிதி பெறும் வங்கியாக இருந்தது. வங்கியை மீட்ட பணம் தொழிலாளியை ஏன் மீட்கவில்லை என்ற அவர்களின் கேள்வி நாடெங்கும் எதிரொலித்தது. பதவியேற்கவிருந்த ஒபாமாவும் தொழிலாளர் கோரிக்கை நியாயமானதே என்றார். ஆறு நாட்களில், டிசம்பர் 10 அன்று, உடன்பாடு எட்டப்பட்டது. எட்டு வார ஊதியம், விடுப்பு ஊதியம், இரு மாத மருத்துவக் காப்பீடு என மொத்தம் 17.5 இலட்சம் டாலர் கிடைத்தது. ஆலையின் தலைமை நிர்வாகி பின்னாளில் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2013இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

முதலாளி இல்லாத ஆலை

வரலாறு அங்கு முடியவில்லை. 2009இல் கலிஃபோர்னியாவின் சீரியஸ் மெட்டீரியல்ஸ் நிறுவனம் ஆலையை வாங்கியது. அனைவரையும் மீண்டும் பணியமர்த்தும் வாக்குறுதி நிறைவேறவில்லை. 2012 பிப்ரவரியில் அந்நிறுவனமும் ஆலையை மூடுவதாக அறிவித்தது. தொழிலாளர்கள் மீண்டும் உள்ளே அமர்ந்தனர். சில மணி நேரத்திலேயே 90 நாள் அவகாசம் பெற்றனர்.

இம்முறை அவர்கள் வேறொரு முதலாளியைத் தேடவில்லை. ஆளுக்கு 1,000 டாலர் பங்கிட்டு, நியூ எரா விண்டோஸ் என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினர். அர்ஜென்டினாவில் தொழிலாளர்கள் மீட்டெடுத்த ஆலைகளுக்குக் கடனளித்து அனுபவம் பெற்ற தி வொர்க்கிங் வேர்ல்ட் அமைப்பு இவர்களுக்கும் கடன் வழங்கியது. இயந்திரங்களைத் தாமே கழற்றி, புதிய இடத்திற்குக் கொண்டுசென்று, தாமே பொருத்தினர். 2013 மே மாதம் ஆலை திறக்கப்பட்டது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதே அங்கு நிர்வாக விதி.

250 பேர் உழைத்த இடத்திற்கு மாற்றாக எழுந்த கூட்டுறவில் தொடக்கத்தில் இருந்தோர் இருபதுக்கும் குறைவானவர்களே. இதனை நாம் மறைக்கத் தேவையில்லை. கூட்டுறவு, வேலையிழந்த எல்லோரையும் காக்கவில்லை. சந்தையின் போட்டியிலிருந்து விடுபடவும் இல்லை. ஆயினும் ஓர் உண்மையை அது நிறுவியது. சன்னல் செய்யும் அறிவு முதலாளியிடம் இருந்ததில்லை; அது என்றும் தொழிலாளரிடமே இருந்தது. அவர்களிடம் இல்லாதிருந்தவை மூலதனமும் முடிவெடுக்கும் அதிகாரமும்தான். முதலாவதைக் கடனாகப் பெறலாம். இரண்டாவதை அமைப்பாகத் திரண்டே பெற முடியும்.

அதனால்தான் இவ்வரலாற்றின் தொடக்கத்தை 2008இல் அன்றி 2004இல் தேட வேண்டும் என்கிறோம். ஆலை பூட்டப்படும் நாளில் சங்கம் அமைக்க முடியாது. நான்காண்டுகளுக்கு முன்னரே தமக்கான சங்கத்தைத் தேர்ந்திருந்ததால்தான், மூன்று நாள் அறிவிப்பை எதிர்கொள்ள அவர்களால் முடிந்தது.